படிக்காமலே விடை: காவ்காவ் தேர்வும் ஆங்கில வாசிப்பும்

சீனாவில் ஜூன் 7-ஆம் தேதி வந்தால் நாடே கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். தேர்வு மையங்களுக்குப் பக்கத்தில் கட்டட வேலைகளை நிறுத்தி வைப்பார்கள், வண்டிகள் ஹாரன் அடிக்கக் கூடாது, தாமதமாகிவிட்ட மாணவரைப் போலீஸ்காரரே பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார். எல்லாம் காவ்காவ் எனப்படும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக. (காக்கை கத்துவது போல இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். முதல் 'காவ்' என்றால் உயர்ந்த, இரண்டாவது 'காவ்' என்றால் தேர்வு. உச்சரிக்கும் தொனி வேறு வேறு.) 2024-ல் இந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர்.

பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மதிப்பெண் 750. அதில் சீன மொழிக்கு 150, கணக்குக்கு 150, அந்நிய மொழிக்கு 150. ஜப்பானிய மொழி, ரஷ்ய மொழி என்று வேறு வழிகளும் இருந்தாலும் பெரும்பாலோர் எடுப்பது ஆங்கிலம்தான். ஆக, ஒரு சீன மாணவரின் எதிர்காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆங்கிலத்தின் கையில் இருக்கிறது. அந்த 150-க்குள்ளும் பெரிய பங்கு 'ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்' எனப்படும், பத்தியைப் படித்து விடை சொல்லும் பகுதிக்குத்தான். இப்போது பல மாகாணங்களில் நடைமுறையில் உள்ள புதிய வினாத்தாளில் அதற்கு 50 மதிப்பெண். நான்கு பத்திகள், அவற்றில் 15 கேள்விகள். ஐந்தாவது பத்தியில் ஐந்து வாக்கியங்களை உருவிவிட்டு ஏழைக் கொடுத்து, எது எங்கே பொருந்தும் என்று கேட்பார்கள். ஒரு கேள்விக்கு இரண்டரை மதிப்பெண்.

இரண்டரைதானே என்று நினைத்துவிட முடியாது. ஹெனான் மாகாணத்தில் மட்டும் 2024-ல் 13 லட்சத்துக்கும் மேல் பதிவு செய்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கான பேர் நிற்பார்கள். ஒரு கட்டத்தைத் தப்பாகக் கறுப்படித்தால் கல்லூரி மாறும், ஊர் மாறும், வேலையும் மாறலாம்.

எனவே பயிற்சி. பயிற்சி என்றால் சும்மா இல்லை. சீன மாணவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஷுவாத்தீ'. நேரடி அர்த்தம், கேள்விகளைத் தேய்ப்பது. பாத்திரம் தேய்ப்பது மாதிரி, ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்து, அதையும் முடித்து அதற்கடுத்ததை எடுத்து... இந்தத் தேய்ப்புக்கென்றே 'ஐந்து வருட காவ்காவ், மூன்று வருட மாதிரித் தேர்வு' என்று ஒரு பயிற்சிப் புத்தகம் உண்டு. அதைத் தெரியாத சீன மாணவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். செல்லமாக 'ஐந்து-மூன்று' என்பார்கள். மேல்நிலைப் பள்ளி மூன்று வருடம் என்றாலும் பாடத்தை ஏறக்குறைய இரண்டு வருடத்திலேயே முடித்துவிட்டு, மூன்றாம் வருடம் முழுக்க ஒன்றாம் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று திருப்புதல்தான். வகுப்பறைப் பலகையில் இன்னும் எத்தனை நாள் என்ற எண் தினமும் ஒன்று குறைந்துகொண்டே வரும்.

சரி, இந்தத் தேய்ப்பில் மாணவர் என்ன கற்றுக்கொள்கிறார்?

பத்தியை முதலில் படிக்காதே, கேள்வியைப் படி. கேள்வியில் உள்ள பெயரையோ வருடத்தையோ அடிக்கோடிடு. அந்தச் சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு. அந்த வரியையே வேறு சொற்களில் சொல்லும் விடையைத் தேர்ந்தெடு. 'ஆல்', 'ஒன்லி', 'நெவர்' என்று அடித்துச் சொல்லும் விடை பெரும்பாலும் தப்பு, 'மே', 'சம்' என்று இழுத்துப் பேசும் விடை பெரும்பாலும் சரி. தலைப்பு கேட்டால் முதல் பாராவையும் கடைசி பாராவையும் பார். எதுவுமே புரியாவிட்டால் அதற்கும் மாணவர்களிடையே ஒரு வாய்பாடு உலாவுகிறது: மூன்று விடை குட்டையாகவும் ஒன்று நீளமாகவும் இருந்தால் நீளமானதைப் போடு, மூன்று நீளம் ஒன்று குட்டை என்றால் குட்டையைப் போடு. விளையாட்டாகச் சொல்வதுதான், ஆனால் கையில் பென்சிலோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விளையாட்டாகத் தெரியாது :-)

இதெல்லாம் சுத்த முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. முதல் பத்தி பெரும்பாலும் ஒரு விளம்பரமாகவோ, அருங்காட்சியக அறிவிப்பாகவோ, சுற்றுலாத் தகவலாகவோ இருக்கும். டிக்கெட் எவ்வளவு, எந்தக் கிழமை விடுமுறை என்றுதான் கேட்பார்கள். அதை யாரும் ஆரம்பத்திலிருந்து ரசித்துப் படிப்பதில்லை. ரயில் அட்டவணையை முதல் ஸ்டேஷனிலிருந்து யார் படிக்கிறார்கள்? வேண்டியதை மட்டும் தேடுவதும் ஒரு வாசிப்புத்தான்.

சிக்கல் அடுத்த பத்தியில் ஆரம்பிக்கிறது. உதாரணத்துக்கு இப்படி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கடை வைத்திருந்த தெருவுக்கு ஒரு பெண் இருபது வருடம் கழித்துப் போகிறாள். கடை இல்லை, அங்கே ஒரு பேங்க் இருக்கிறது. உள்ளே போய், தேவையே இல்லாமல் ஒரு கணக்கு ஆரம்பிக்கிறாள். கேள்வி: அவள் ஏன் கணக்கு ஆரம்பித்தாள்? கதையைப் படித்தவருக்கு இது ஒரு நொடி வேலை. ஆனால் தேய்த்துத் தேய்த்துப் பழகிய மாணவர் 'கணக்கு' என்ற சொல் இருக்கும் வரிக்குப் போய், அதற்கு முன்வரியையும் பின்வரியையும் படித்து, 'பிகாஸ்' இருக்கிறதா என்று தேடுகிறார். இல்லை. நாலு விடையில் எது நடுத்தரமாகத் தெரிகிறதோ அதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை, அந்தப் பத்தியில் சொல்லெல்லாம் தெரிந்துகூட இருக்கலாம். அது ஒரு கதை என்பதைக் கவனிக்க அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாசிப்புப் பத்திகளைத் தேர்வில் பெரிதாக்கியவர்களின் நோக்கம் இதற்கு நேர் எதிரானது. கலாச்சாரப் புரட்சியின்போது 1966-ல் நின்றுபோன காவ்காவ் 1977-ல் திரும்ப வந்தது. 1978-ல் ஆங்கிலத் தேர்வு இருந்தும் மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 1983-ல்தான் முழு மதிப்பெண்ணும் கணக்கில் வந்தது. அந்தக் காலத்து ஆங்கில வகுப்பு என்றால் இலக்கணம், மொழிபெயர்ப்பு, மனப்பாடம். இதை மாற்ற குவாங்சோ நகரில் இருந்த குய் ஷிச்சுன், லீ ஷியாவ்ஜு போன்ற மொழியியலாளர்கள் ஒரு புதுத் தேர்வை உருவாக்கினார்கள். 1985-ல் குவாங்தோங் மாகாணத்தில் அது சோதனை முறையில் நடந்தது. தேர்வை மாற்றினால் ஆசிரியர்கள் தானாக மாறுவார்கள், இலக்கணத்தை விட்டு மொழியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. இருபது வருடம் கழித்து 2004, 2005 வாக்கில் சி லூஷியா என்ற ஆய்வாளர் இந்தத் தேர்வு நினைத்த மாற்றத்தைக் கொண்டுவந்ததா என்று ஆராய்ந்து எழுதினார். நினைத்தபடி நடக்கவில்லை என்பதே அவர் முடிவு. தேர்வு மாறியதும் வகுப்பும் மாறத்தான் செய்தது, ஆனால் மொழியை நோக்கி அல்ல, தேர்வின் வடிவத்தை நோக்கி.

வணிகவியல், பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இது பழகிய கதை. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது சொன்ன விஷயம், இன்று அவர் பெயரிலேயே ஒரு விதியாக இருக்கிறது. ஒரு அளவைப் பிடித்துக்கொண்டு அதை வைத்தே எல்லாரையும் கட்டுப்படுத்த ஆரம்பித்தால், அந்த அளவு தான் காட்டவேண்டியதைக் காட்டாமல் போய்விடும் என்பது அதன் சாரம். வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்க வைத்த 15 கேள்விகள், 15 கேள்விகளுக்கு விடை போடத் தெரிகிறதா என்று பார்ப்பதில் வந்து நிற்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவர் நாளுக்கு இரண்டு பத்தி தேய்க்கிறார், ஒரு பத்தி சுமார் 300 சொல், வருடத்தில் 300 நாள், மூன்று வருடம். மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம் சொற்கள்! 54 ஆயிரம் சொல் உள்ள நாவல் என்று எடுத்துக்கொண்டால் பத்து நாவல். பத்து ஆங்கில நாவல் அளவுக்குப் படித்துவிட்டு அந்த மாணவர் ஒரு கதையைக்கூட முடித்திருக்க மாட்டார். 1,800 துண்டுகள் படித்திருப்பார். ஒன்றில் தேனீ, அடுத்ததில் ரோபோ, அதற்கடுத்ததில் லண்டன் நூலகம். ஒரு எழுத்தாளரின் நடை பழகுவதற்குள் பத்தி முடிந்துவிடும். முதல் பக்கத்தில் தெரியாத சொல் ஐந்தாவது பக்கத்தில் திரும்ப வந்து, ஒன்பதாவது பக்கத்தில் தானாகப் புரிவது என்பது 300 சொல்லில் நடக்காத காரியம். அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதுதான் உண்மையான செலவு. பாடப்புத்தகத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று போட்டிருப்பார்கள்.

சொல் விஷயத்தில் இன்னொன்று. பாடத்திட்டம் காவ்காவ் எழுதுபவரிடம் எதிர்பார்ப்பது சுமார் 3,000 ஆங்கிலச் சொற்கள். ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவர் உதவியில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். 300 சொல் பத்தியில் ஆறு சொல் தெரியாவிட்டால் சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் கஷ்டம். ஸ்பானிஷ் பேசுபவருக்கு ஆங்கிலத்தில் பாதிச் சொல் சொந்தக்காரர் மாதிரி முகம் காட்டும். சீனருக்கு அந்த வசதி இல்லை. பின்யின் மூலம் சின்ன வயதிலேயே ரோமன் எழுத்து பழகியிருக்கும், அவ்வளவுதான் உதவி.

வாக்கிய அமைப்பும் தலைகீழ். 'நேற்று கடையில் பார்த்த பையன்' என்பதைச் சீன மொழியிலும் ஏறக்குறைய தமிழ் மாதிரியே, விவரத்தையெல்லாம் முன்னால் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் 'பையன்' என்பார்கள். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான், விவரமெல்லாம் அவன் பின்னால் ரயில்பெட்டி மாதிரி வரும். இது ஏன் கஷ்டம் என்று தமிழில் யோசித்துப் பழகியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பயிற்சி வகுப்புகளில் 'நீளமான கடின வாக்கியம்' என்றே தனிப் பாடம் வைத்து, வாக்கியத்தை அடைப்புக்குறி போட்டு வெட்டிக் காட்டுகிறார்கள். வெட்டிக் காட்டினால் புரியும், அதில் தப்பில்லை. ஆனால் கண் அந்த வரிசைக்குப் பழக வேண்டும் என்றால் அப்படிப்பட்ட வாக்கியங்களை ஆயிரக்கணக்கில், வெட்டாமல், கதை எங்கே போகிறது என்ற ஆவலில் கடந்து போக வேண்டும்.

'இதெல்லாம் ஷாங்காய், பெய்ஜிங் பிள்ளைகளுக்குச் சரி. மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலக் கதைப்புத்தகம் எங்கே கிடைக்கும்? கையில் கிடைப்பது ஒரு பயிற்சிப் புத்தகம்தான், அதையும் பிடுங்கினால் எப்படி?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நகரத்து நடுத்தரக் குடும்பத்தில் ஏழு வயதிலேயே ஆங்கிலப் படப்புத்தகம் வந்துவிடுகிறது. 2001-ல் கல்வி அமைச்சகம் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் என்று சொன்னாலும், நல்ல ஆசிரியர் கிடைப்பது ஊரைப் பொறுத்தது. அந்த வகையில் தேய்ப்பு ஏழைகளின் ஆயுதம் என்பது உண்மைதான். ஆனால் ஆயுதம் இரண்டு பக்கமும் இருக்கிறதே. நகரத்துப் பிள்ளையும் அதே 'ஐந்து-மூன்று' தேய்க்கிறது, கூடவே கதையும் படித்திருக்கிறது. தேய்ப்பை மட்டும் நம்பியிருப்பவர் அந்த இடைவெளியை மூட முடியாது.

இந்த இடத்தில் பசிபிக் கடலில் உள்ள பீஜித் தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். 1983-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பாட முறையில் படித்த பிள்ளைகளைவிட, கதைப்புத்தகம் கிடைத்தவர்கள் வாசிப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகள், 17 வயது காவ்காவ் மாணவர்கள் அல்லர் என்பது சரிதான். ஆனால் அவை கிராமத்துப் பள்ளிகள். 'கிராமத்துக்குக் கதை சரிப்படாது, கேள்வித்தாள்தான் சரி' என்பவர்களுக்கு அது போதும்.

அப்படியானால் தேர்வையே மாற்றிவிடலாமே, இந்த ஏ, பி, சி, டி எல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. கோடிக்கும் மேல் பேர் எழுதும் தேர்வில் மெஷின் திருத்தும் விடைத்தாளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதற்கு யாருடைய அப்பாவையும் தெரியாது. மதிப்பெண்ணில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெஜியாங் மாகாணமே சாட்சி. அங்கே ஆங்கிலத்தை இரண்டு முறை எழுதி அதிகமான மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பரில் வினாத்தாள் கடினமாகிவிட்டது என்று, வாசிப்பிலும் மொழிப் பயன்பாட்டிலும் சில கேள்விகளுக்கு மட்டும் எடை கூட்டி மதிப்பெண் போட்டார்கள். பெற்றோர்கள் கொதித்துவிட்டார்கள். மாகாண அரசு விசாரித்து, டிசம்பர் 5-ஆம் தேதி அந்த முடிவு தவறு என்று அறிவித்துப் பழைய மதிப்பெண்ணையே திருப்பிக் கொடுத்தது. மாகாணக் கல்வித் துறைத் தலைவர் பதவி இழந்தார். (அதே மாகாணத்தில் 2017-ல் சீன மொழித் தேர்வில் ஒரு சிறுகதை கொடுத்து, கடைசியில் வரும் மீனின் கண்ணைப் பற்றிக் கேட்டார்கள். தேர்வு முடிந்து மாணவர்கள் எழுத்தாளரிடமே போய்க் கேட்க, அவருக்கும் விடை தெரியவில்லை!)

ஆங்கிலத்தின் மதிப்பெண்ணைக் குறைக்கலாம் என்பதும் அவ்வப்போது கிளம்பும் யோசனை. 2013-ல் பெய்ஜிங் 150-ஐ 100 ஆக்கப் போவதாகச் சொல்லிப் பிறகு அது நடக்கவில்லை. 2021-ல் முக்கியப் பாடம் என்ற தகுதியையே எடுத்துவிடலாம் என்று தேசிய ஆலோசனை மாநாட்டின் உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். அப்படிச் செய்தால் நகரத்துப் பிள்ளை வீட்டில் படித்துக்கொள்ளும், கிராமத்துப் பிள்ளைக்கு இருந்த ஒரே காரணமும் போய்விடும்.

மாற்ற வேண்டியது தேர்வை அல்ல, அதற்கு முந்தைய இரண்டு வருடங்களை. மேல்நிலைக்கு வரும் மாணவருக்கு ஏற்கெனவே சுமார் 1,600 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது பாடத்திட்டம். ஆக்ஸ்ஃபோர்டின் 'புத்தகப்புழு' வரிசை சீனாவில் பல வருடங்களாக ஆங்கிலமும் சீனமும் சேர்த்தே சின்னச் சின்னப் புத்தகங்களாக விற்கிறது. அதன் நான்காம் நிலை 1,400 அடிப்படைச் சொற்களில் எழுதப்பட்டது, ஆறாம் நிலை 2,500. அதாவது முதல் வருடத்தில் நான்காம் நிலையில் ஆரம்பித்தால், மூன்றாம் வருடத்துக்குள் காவ்காவ் பத்தியின் மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். தினமும் தேய்க்கும் இரண்டு பத்தியில் ஒன்றை விட்டால் போதும், பத்துப் பக்கத்துக்கு நேரம் கிடைக்கும். கேள்வி கேட்கக் கூடாது, மதிப்பெண் போடக் கூடாது, அகராதியைப் பக்கத்துக்கு இரண்டு முறைக்கு மேல் திறக்கக் கூடாது. வகுப்புக்கு நாற்பது புத்தகம் வாங்கிச் சுற்றுக்கு விட்டால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கும் கட்டுப்படியாகும். தேய்ப்பை மூன்றாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தேர்வின் வடிவம் பழக ஒரு வருடம் தாராளம். முன்பே வாசித்துப் பழகியவருக்குப் பாதி வருடமே அதிகம்.

இதற்கு வினாத்தாளே ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. ஜெஜியாங்கில் 2016-ல் வந்து, பிறகு பல மாகாணங்களுக்குப் பரவிய ஒரு கேள்வியில், பாதியில் நிற்கும் 350 சொல் கதையைக் கொடுத்து, மீதியை 150 சொல்லில் மாணவரையே எழுதச் சொல்கிறார்கள். 25 மதிப்பெண். இதில் சொல்லைத் தேடிப் பிடித்து விடை போட முடியாது. ஆனால் பயிற்சிச் சந்தை சும்மா இருக்குமா? அழுகைக்குப் பத்து வாக்கியம், பயத்துக்குப் பத்து, சூரிய வெளிச்சத்துக்குப் பத்து என்று ரெடிமேட் வாக்கியங்கள் அச்சாகி வந்துவிட்டன. தொலைந்த நாய் கிடைத்தாலும், தோற்ற ஓட்டப்பந்தயம் ஜெயித்தாலும், கதையின் முடிவில் எல்லார் கன்னத்திலும் அதே கண்ணீர் அதே வார்த்தைகளில் உருண்டுகொண்டிருக்கிறது.